சின்னப் பிள்ளைகளும் நிஜப் புத்தகங்களும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெரம்பலூர் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே உள்ள கிளை நூலகத்தில் சனிக்கிழமை காலைகளில் 4 வயது முதல் 9 வயது வரையுள்ள பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கிறேன். சம்பளம் கிடையாது, பாடத்திட்டம் கிடையாது. கதைப் புத்தகமும் படிப்போம், ஆனால் பாதிக்கு மேல் பல்லி, எறும்பு, லாரி, நிலா, டைனோசர் என்று உலகத்தில் உள்ளதைப் பற்றிய புத்தகங்கள்தான். பிள்ளையைக் கூட்டிப்போக வருகிறவர்கள் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே கேட்கிற கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டுபோனதால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

நிஜப் புத்தகம்னா என்ன அக்கா? பாடப்புத்தகம் மாதிரியா?

இல்லை. பாடப்புத்தகம் பரீட்சைக்கு வேண்டியதைச் சுருக்கிச் சொல்லும், அதில் எல்லாமே கண்டுபிடித்து முடித்து மூடிவைத்த விஷயம் மாதிரி இருக்கும். நான் சொல்வது ஒரே விஷயத்தை எடுத்துக்கொண்டு அதிலேயே சுற்றிவரும் புத்தகம். எறும்பு என்றால் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை எறும்புதான். ஆங்கிலத்தில் நான்-ஃபிக்ஷன் என்பார்கள், தமிழில் அபுனைவு என்று எழுதுகிறார்கள், ஆனால் ஐந்து வயசுக் குழந்தையைக் கூப்பிட்டு 'வா, அபுனைவு படிக்கலாம்' என்றால் அது ஓடிப்போய்விடும். 'நிஜப் புத்தகம்' என்று பேர் வைத்தது எங்கள் பிள்ளைகள்தான். அப்புறம், புத்தகமாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கம், பஸ் ஸ்டாண்டில் நேரம் எழுதிய பலகை, தீப்பெட்டி, விதைப் பாக்கெட், எல்லாமே நிஜ வாசிப்புதான்.

சொன்னதை அப்படியே நம்பாம யோசிக்கிற கிரிட்டிக்கல் திங்கிங் எல்லாம் நாலு வயசுப் பிள்ளைக்கு ரொம்பச் சீக்கிரம் இல்லையா?

அந்தப் பெயரைக் கேட்டால் எனக்கும் கோச்சிங் சென்டர் விளம்பரம்தான் ஞாபகம் வருகிறது. விஷயம் அவ்வளவு பெரிதில்லை. 'இவங்க சொல்றதை நம்பலாமா' என்ற கணக்கைப் பிள்ளைகள் நாம் சொல்லிக்கொடுக்காமலே போட ஆரம்பித்துவிடுகிறார்கள். 2004இல் வந்த ஓர் ஆய்வு இருக்கிறது. மெலிசா கோனிக், ஃபாப்ரிஸ் கிளமோ, பால் ஹாரிஸ் என்ற மூவர் செய்தது. 3, 4 வயதுப் பிள்ளைகள் முன்னால் இரண்டு பேர், ஒருவர் பொருள்களுக்குச் சரியான பெயரைச் சொல்வார், இன்னொருவர் தப்புத் தப்பாகச் சொல்வார். பிறகு பிள்ளைகளுக்குத் தெரியாத ஒரு புதுப் பொருளைக் காட்டி இருவரும் ஆளுக்கொரு பெயர் சொன்னால், முன்னால் சரியாகச் சொன்னவர் பக்கம்தான் பிள்ளைகள் சாய்கிறார்கள்.

ஆக, விதை ஏற்கெனவே உள்ளே கிடக்கிறது. நம் வேலை அதன் மேல் கல்லைத் தூக்கி வைக்காமல் இருப்பது. 'சும்மா இரு, புத்தகத்துல போட்டிருக்குல்ல' என்பதுதான் நாம் வழக்கமாக வைக்கும் கல்.

அப்ப கதைப் புத்தகத்தை நிறுத்திடணுமா?

ஐயோ, வேண்டாம். கதை இல்லாமல் பிள்ளை வளர்க்க முடியுமா? நிஜப் புத்தகமும் கூட இருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் அது கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அமெரிக்காவில் நெல் டியூக் என்ற ஆய்வாளர் பாஸ்டன் வட்டாரத்தில் ஒன்றாம் வகுப்பு வகுப்பறைகள் இருபதில் உட்கார்ந்து கணக்கெடுத்து 2000இல் வெளியிட்டார். தகவல் சார்ந்த எழுத்தோடு பிள்ளைகள் செலவிட்ட நேரம் நாளொன்றுக்குச் சராசரியாக 3.6 நிமிடம். இத்தனைக்கும் அங்கே வகுப்புக்கு வகுப்பு புத்தக அலமாரி உண்டு. நம் வீட்டுக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். கதை பிடிக்கவில்லை என்று ஓரமாக உட்கார்ந்திருக்கும் பையன்களில் பலபேர் டிராக்டர் படத்தைக் காட்டியதும் முட்டி போட்டு முன்னால் வந்துவிடுகிறார்கள். வாசிப்புப் பிடிக்காத பிள்ளை என்று அதுவரை வீட்டில் பேர் வாங்கியிருப்பான்.

எப்படிப் படிச்சுக் காட்டணும்? முதல் பக்கத்துலேருந்து கடைசி வரைக்குமா?

வேண்டியதில்லை. கதையை நடுவில் பிரித்தால் புரியாது, நிஜப் புத்தகம் அப்படி இல்லை. பொருளடக்கத்தைப் பார்த்து 'பல்லிக்கு எத்தனாம் பக்கம்?' என்று நேராகப் போகலாம், படத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடலாம். படிக்க ஆரம்பிப்பதற்கு முன் 'இதைப் பத்தி நமக்கு ஏற்கெனவே என்ன தெரியும்' என்று பிள்ளைகள் சொல்வதையெல்லாம், தப்பையும் சேர்த்து, ஒரு தாளில் எழுதிவிடுவேன். பிறகு என்ன தெரிந்துகொள்ள ஆசை என்று கேட்பேன். படித்து முடித்தபின் அந்தத் தாளுக்குத் திரும்பி வருவோம். இது என் கண்டுபிடிப்பு இல்லை, டோனா ஓகில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1986இல் எழுதிய முறை, உலகம் முழுக்க ஆசிரியர்கள் செய்வதுதான். திரும்பி வருகிற அந்தக் கடைசிப் பகுதியைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறோம். தான் சொன்னது தப்பு என்று தானே போய் அடிக்கிற அந்தக் கோடு இருக்கிறதே, அதற்காகத்தான் தாளே.

ஒரு பல்லிக் கதை சொல்கிறேன், நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் 'பல்லியின் வால் அறுந்தால் மறுபடியும் வளரும்' என்று இருந்தது. ஏழு வயசுப் பெண் ஒருத்தி, 'யாரு பாத்தா?' என்றாள். எங்கள் நூலகத்தில் டியூப் லைட் பட்டைக்குப் பின்னால் வால் இல்லாத பல்லி ஒன்று அப்போது இருந்தது. சரி, நாமே பார்த்துவிடுவோம் என்று ஒரு நோட்டுப் போட்டோம். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆளுக்கொரு படம், தேதியோடு. முதல் இரண்டு வாரம் மொட்டை. அப்புறம் ஒரு சின்னக் கூம்பு. ஆறாவது வாரம் பார்த்தால் வால் இருந்தது, ஆனால் மேலே உள்ள தோலின் புள்ளி வரிசை அதில் இல்லை, ஒரே சாம்பல் நிறம். புத்தகத்தின் அடுத்த பத்தியிலேயே அது இருந்தது: புதிதாக வளரும் வாலுக்குள் எலும்புக் கணுக்கள் வராது, குருத்தெலும்புதான் வரும், நிறமும் மாறும். ஆஹா, புத்தகம் ஜெயித்தது என்று நான் கைதட்டப் போனேன்.

அப்போது ஒரு பொடியன், 'இது அதே பல்லிதானா?' என்றான்.

எனக்குப் பேச்சு வரவில்லை. உண்மைதானே, நாங்கள் அடையாளம் எதுவும் வைக்கவில்லை. அரை மணி நேரம் சண்டை. 'அதே இடத்துல இருந்துதான வருது' என்றது ஒரு கட்சி, 'எங்க வீட்டுல ஒரே இடத்துக்கு மூணு பல்லி வருது' என்றது இன்னொரு கட்சி. கடைசியில் நோட்டில் எழுதிய வாக்கியம்: 'அதே பல்லியாக இருக்கலாம்.' அந்த 'லாம்' இருக்கிறதே, அதற்குத்தான் நான் சனிக்கிழமை தோறும் போகிறேன்.

படிச்சு முடிச்சதும் என்ன புரிஞ்சுதுன்னு கேள்வி கேக்கலாமா?

'எறும்புக்கு எத்தனை கால்? சொல்லு பாப்போம்' என்ற கேள்வியா? வேண்டாமே. விடை உங்களுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும் என்று பிள்ளைக்கும் தெரியும், அப்புறம் எதற்குக் கேட்கிறீர்கள்? அது பரீட்சை. பள்ளிக்கூடத்தில் போதுமான அளவு நடக்கிறது.

எனக்குப் பலன் தந்தவை இரண்டே கேள்விகள். 'உனக்கு எப்படித் தெரியும்?' என்பது ஒன்று, குற்றம் சாட்டும் குரலில் இல்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு. 'இதை எழுதினவருக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்?' என்பது இரண்டாவது. போய்ப் பார்த்தாரா, எண்ணினாரா, வேறு யாரோ சொல்லிக் கேட்டாரா, ஊகமா? ராணி எறும்பு புற்றுக்குள் முட்டையிடுகிறது என்று படம் போட்டிருந்தால், புற்றுக்குள் இருட்டாயிற்றே, எப்படிப் படம் வரைந்தார்கள் என்று நான் ஒரு தடவை கேட்டேன். 'கண்ணாடிப் பாட்டில்ல எறும்பு வளத்திருப்பாங்க' என்றாள் ஒருத்தி. உண்மையும் கிட்டத்தட்ட அதுதான்.

அவன் கேக்குற கேள்விக்கு எனக்கே பதில் தெரியலையே, மானம் போகுது.

போகட்டும். 'தெரியலடா, பாப்போம்' என்று சொல்லிப் பழகுங்கள், முதல் நாலைந்து தடவைதான் கஷ்டம்.

தெரியாததை விட, தெரிந்த மாதிரி அடித்துவிடுவதுதான் ஆபத்து. ஒட்டகம் திமிலில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் என்று நான் ஒரு சனிக்கிழமை அழுத்தம் திருத்தமாகச் சொன்னேன், சின்ன வயதில் எனக்கு யாரோ சொன்னது. அடுத்த வாரம் ஒருத்தி பாலைவனப் புத்தகத்தை விரித்துக்கொண்டு வந்து நிற்கிறாள். திமிலில் இருப்பது கொழுப்பு. 'அத்தை, நீங்க எங்க படிச்சீங்க?' என்று கேட்டாள், குரலில் கிண்டல் இல்லை, விசாரணைதான். எங்கேயும் படிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டேன். அன்றிலிருந்து நான் எதைச் சொன்னாலும் அவள் ஒரு புருவத்தைத் தூக்குகிறாள். எனக்கு அது பிடித்திருக்கிறது, கொஞ்சம் எரிச்சலும்தான்.

புத்தகத்துல போட்டிருக்கிறதே தப்பா இருக்குமா? அப்புறம் பிள்ளை எதைத்தான் நம்பும்?

இருக்கும். பயப்பட ஒன்றும் இல்லை. நல்ல பாடம் கிடைப்பதே அங்கேதான்.

எங்கள் அலமாரியில் இரண்டு விண்வெளிப் புத்தகங்கள். ஒன்றில் கோள்கள் ஒன்பது, இன்னொன்றில் எட்டு. வேண்டுமென்றே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். எண்ணினார்கள், மறுபடி எண்ணினார்கள், ஒருவன் மற்றவனுக்கு எண்ணத் தெரியவில்லை என்றான். 'புளூட்டோ இங்க இருக்கு, அங்க இல்ல' என்று கண்டுபிடித்ததும் 'எந்தப் புத்தகம் பொய்?' என்ற கேள்வி வந்தது. தலைப்புப் பக்கத்துக்குப் பின்னால் சின்ன எழுத்தில் ஆண்டு போட்டிருக்குமே, அதைப் பார்க்கச் சொன்னேன். ஒன்று 1990களில் அச்சானது, மற்றது 2010க்குப் பிறகு. இடையில் 2006 ஆகஸ்டில் சர்வதேச வானியல் சங்கம் கூடி, கோள் என்று எதைச் சொல்வது என்பதற்கு ஒரு வரையறை போட்டது, அதன்படி புளூட்டோ குறுங்கோள் ஆகிவிட்டது.

'அது எங்க போச்சு?' என்று அழுகிற மாதிரி கேட்டது ஒரு குழந்தை. எங்கேயும் போகவில்லை, அங்கேயேதான் சுற்றிக்கொண்டிருக்கிறது, நாம்தான் அதைப் பட்டியல் மாற்றி எழுதிவிட்டோம் என்றேன். உலகம் மாறுவது வேறு, உலகத்தைப் பற்றி நாம் போட்ட பட்டியல் மாறுவது வேறு. இதை விளக்க எனக்கு எட்டுப் பத்து நிமிடம் ஆனது, பாதிப் பேருக்குப் புரிந்தது. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் பிள்ளைகள் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் முதலில் அந்தப் பின்பக்கத்தைத் திருப்பி ஆண்டைப் பார்க்கிறார்கள். சமையல் புத்தகத்தில் கூட.

டைனோசரிலும் இது உண்டு. பழைய படங்களில் டி-ரெக்ஸ் என்ற பெரிய டைனோசர் கங்காரு மாதிரி நிமிர்ந்து நின்று வாலைத் தரையில் இழுக்கும், புதிய படங்களில் உடம்பு தரைக்கு இணையாக, வால் பின்னால் நீட்டிக்கொண்டு. சிலதுக்கு இறகு வேறு. 1996இல் சீனாவில் மென்மையான இறகுத் தடத்தோடு ஒரு சின்ன டைனோசரின் புதைபடிவம் கிடைத்ததிலிருந்து ஓவியர்கள் தூரிகையை மாற்றிக்கொண்டார்கள்.

குயிலையும் சொல்லிவிடுகிறேன். நம் பாட்டுகளில் பாடுகிற குயில் பெரும்பாலும் பெண். நிஜத்தில் அந்தக் 'குக்கூ' ஆணுடையது, கறுப்பு உடம்பு, சிவப்புக் கண். பெண் குயில் பழுப்பு நிறத்தில் வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும், அது எழுப்புவது கிக் கிக் என்று கூர்மையான ஒலி. இரண்டும் வேறு வேறு பறவை என்று நினைத்திருந்த பெரியவர்களே எங்கள் தெருவில் அதிகம், நானும் அதில் சேர்த்திதான்.

ஜி.கே. புத்தகம் வாங்கிக் குடுத்திருக்கேன், அதுவும் நிஜப் புத்தகம்தானே?

தானே என்றால் தான். ஆனால் அதில் 'எப்படித் தெரியும்' என்பதற்கு இடமே இல்லை, கேள்வி ஒரு வரி, பதில் ஒரு சொல். 'இந்தியாவின் தேசிய விளையாட்டு எது? ஹாக்கி.' நாம் எல்லோரும் மனப்பாடம் செய்ததுதானே? லக்னோவில் 10 வயதுச் சிறுமி ஒருத்தி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இதைப் பற்றிக் கேட்டாள். 2012இல் மத்திய விளையாட்டு அமைச்சகம் அனுப்பிய பதில்: எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டாக அறிவிக்கவில்லை. எத்தனை வினாடி வினாவில் எத்தனை பேர் அதற்குப் பரிசு வாங்கியிருப்பார்கள்!

ஜி.கே. புத்தகத்தைத் தூக்கிப் போட வேண்டாம். ஒரு பக்கத்தை எடுத்து, 'இதுல எதை நாமே சரிபாக்க முடியும்?' என்று விளையாடுங்கள்.

வாட்ஸ்அப்புல வர்றதையெல்லாம் நம்புறாங்க. அதுக்கும் இந்த வாசிப்புக்கும் சம்பந்தம் உண்டா?

எங்கள் மாவட்டத்துக்காரர்களிடம் இதைக் கேட்காதீர்கள், நாள் முழுக்கப் பேசுவோம். 2020 அக்டோபரில் குன்னத்தில் ஏரி மண்ணை அள்ளும்போது உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தன. 'பெரம்பலூரில் டைனோசர் முட்டைகள்' என்று ஒரே நாளில் எல்லாப் போனிலும் படம். கொரோனா நேரம், பள்ளிக்கூடம் இல்லை, பிள்ளைகள் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் கிடப்பார்கள். போனில் வந்த படத்தையும் டைனோசர் புத்தகத்தில் முட்டைகள் உள்ள பக்கத்தையும் சேர்த்து வைத்துப் பார்க்கச் சொன்னேன், முட்டையா இல்லையா என்று எனக்கும் அப்போது தெரியாது.

ஒருத்தன், 'சிலது பந்து சைஸ், சிலது பூசணிக்கா சைஸ், ஒரே அம்மா போட்டதுன்னா ஒரே மாதிரி இருக்கணும்ல' என்றான். 'வேற வேற அம்மாவா இருந்தா?' என்றாள் இன்னொருத்தி. கோழி முட்டையை வைத்துக்கொண்டு யோசித்தவர்கள், 'ஓடு எங்க?' என்று கேட்டார்கள். யாருக்கும் முடிவு தெரியவில்லை, ஆனால் எதைப் பார்த்தால் முடிவு தெரியும் என்பதை அவர்களாகவே சொல்லிவிட்டார்கள்: அளவு, ஓடு, உள்ளே என்ன இருக்கிறது. சில நாளில் நிலவியல் வல்லுநர்கள் பார்த்துவிட்டு, அவை முட்டை அல்ல, அம்மோனைட் படிமங்களைச் சுற்றிச் சேர்ந்து இறுகிய படிவுகள் என்றார்கள். அம்மோனைட் என்றால் நத்தை மாதிரி சுருண்ட ஓட்டோடு கடலில் வாழ்ந்தது, ஆனால் நத்தையை விடக் கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும்தான் நெருங்கிய சொந்தம். டைனோசர் அழிந்த சமயத்திலேயே அதுவும் அழிந்தது, சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன். இங்கே எப்படி வந்தது என்றால், இந்த அரியலூர், பெரம்பலூர் நிலமே அன்றைக்குக் கடல். சிமென்ட் ஆலைகள் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக் கல் அந்தக் கடலின் அடியில் படிந்ததுதான்.

'அப்ப இங்க டைனோசர் முட்டையே கிடையாதா?' என்றால் அதுவும் இல்லை. 2009இல் அரியலூர் பக்கம் செந்துறை அருகே டைனோசர் முட்டைகள் கிடைத்ததாக ஆய்வாளர்களே அறிவித்தார்கள். கல்லமேட்டில் கிடைத்த பிரம்மாண்டமான எலும்புகளை வைத்து 1987இல் பிருஹத்காயோசாரஸ் என்று ஒரு டைனோசருக்குப் பெயர் வைத்தார்கள், முதலில் அது ஊன் தின்னி என்றார்கள், பிறகு தழை தின்னி என்றார்கள், அந்த எலும்புகளோ பொடிந்துபோய்விட்டன, அது எலும்பா, கல்லாக மாறிய மரமா என்றுகூடச் சிலர் சந்தேகப்பட்டார்கள். படித்தவர்களே இப்படி அடித்துக்கொள்வதைக் கேட்பதில் பிள்ளைகளுக்கு ஒரு தனி சந்தோஷம். 'யாரு ஜெயிச்சா?' என்கிறார்கள். இன்னும் ஆட்டம் நடக்கிறது என்பேன்.

எங்கள் மாவட்டத்துச் சாத்தனூரில் கல்லாகிப்போன பழைய மரம் ஒன்று கிடக்கிறது, அந்தக் கல்மரத்தைப் பார்க்க ஒருமுறை கூட்டிப்போனேன். 18 மீட்டர் நீளம், 10 கோடி ஆண்டுக்கு மேல் பழையது என்கிறார்கள், 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் என்ற நிலவியலாளர் கண்டறிந்தது. நீளத்தைக் காலடியால் அளந்து சரிபார்த்துவிட்டார்கள். வயதை எப்படிச் சரிபார்ப்பது என்றுதான் வரும் வழியெல்லாம் பேச்சு.

தமிழ்ல அந்த மாதிரிப் புத்தகம் எங்க கிடைக்குது?

கதையைவிடக் குறைவு, உண்மைதான், அதுவும் 4, 5 வயதுக்கு ரொம்பக் குறைவு. நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிடும் தமிழ்ப் புத்தகங்கள் விலை மலிவு. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழில் படநூல்கள் இலவசம், படிநிலை பிரித்து வைத்திருக்கிறார்கள், கதைகளுக்கு நடுவில் தேடினால் அறிவியல் புத்தகங்களும் வரும். அரசுப் பள்ளிப் பிள்ளையாக இருந்தால் 4, 5ஆம் வகுப்புக்கு ஊஞ்சல் இதழ் இருக்கிறது, வகுப்பில் கேட்டுப்பாருங்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் 1987இலிருந்து வருகிறது, கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு.

எனக்குப் பிடித்தது பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து 1968 முதல் 1976 வரை வெளிவந்த குழந்தைகள் கலைக்களஞ்சியம், பத்துத் தொகுதி. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். தகவல் பழசாகிவிட்டதே என்பீர்கள். அதற்காகத்தான் சொல்கிறேன், அன்றைக்கு என்ன நினைத்தார்கள், இன்றைக்கு என்ன மாறியது என்று ஒப்பிட இதைவிட வசதியான பொருள் கிடைக்காது.

யூடியூப்ல இதையே அழகா காட்டுறாங்களே?

காட்டட்டும், நாங்களும் பார்க்கிறோம். ஆனால் வீடியோ நிற்காது. 'யாரு பாத்தா?' என்று பிள்ளை கேட்பதற்குள் அடுத்த காட்சி வந்துவிடும். புத்தகத்தின் பக்கம் நீங்கள் திருப்பும் வரை காத்துக்கொண்டிருக்கும்.

பாம்பு பால் குடிக்காதுன்னு என் பொண்ணு சொல்லிட்டாளாம், என் மாமியார் ரெண்டு நாளா பேசல.

இது நிஜமாகவே நடந்தது, அந்த மாமியார் என்னோடும் பேசவில்லை. பாம்பு பாலைத் தேடிக் குடிக்கும் பிராணி இல்லை, அது உண்மை, அதில் வளைந்துகொடுக்க முடியாது. ஆனால் அங்கே இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. பாம்பு பால் குடிக்குமா என்பது பாம்பைப் பற்றியது, புற்றுக்குப் பால் ஊற்றுவது ஏன் என்பது பாட்டியைப் பற்றியது. இரண்டாவதற்கு விடை பாட்டியிடம்தான் இருக்கிறது. பேத்தியை அனுப்பி, 'எப்போலேருந்து ஊத்துறீங்க ஆச்சி, யாரு சொல்லிக் குடுத்தா?' என்று கேட்கச் சொன்னேன். மூன்றாம் நாள் ஆச்சி ஒரு மணி நேரம் தன் ஊர்க் கதையெல்லாம் சொன்னதாகக் கேள்வி. என்னோடு பேச இன்னும் கொஞ்சநாள் ஆனது.

பெரியவர்களை எதிர்த்துப் பேசுகிறான் என்று வருத்தப்படும் அப்பாக்களுக்கும் இதேதான். 'எப்படிப்பா தெரியும்?' என்பதற்கும் 'உனக்கு ஒண்ணும் தெரியல' என்பதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். முதல் கேள்விக்குக் கோபப்படாமல் இருக்க நீங்கள் பழகிக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?

பத்து நிமிஷம். பிள்ளை எழுந்து போனால் மூடிவிடுங்கள்.

இதனால மார்க் ஏறுமா?

சொல்ல முடியாது. வௌவாலைப் பறவைப் பட்டியலில் எழுத மறுத்து, அது பாலூட்டி என்று வாதாடி, அரை மார்க்கை இழந்துவிட்டு வந்த ஒருவனை எனக்குத் தெரியும். வாத்தியார் விடைக்குறிப்பைப் பார்த்துத்தான் திருத்தினாராம்.

என் பையன் ஒரே லாரி புத்தகத்தையே திரும்பத் திரும்ப எடுக்குறான். வேற மாத்தலாமா?

மாற்றாதீர்கள். எங்களிடமும் அப்படி ஒருவன் உண்டு, ஆறு வயசு. நாலு மாதமாக அதே புத்தகம். எனக்கே அலுத்துப்போனது. ஒருநாள் வந்து, 'அத்தை, இதுல லாரிக்குப் பத்துச் சக்கரம் போட்டிருக்கு, ரோட்டுல போறதுக்குப் பன்னெண்டு இருக்கு' என்றான். எங்கள் ஊர் வழியாக சிமென்ட் லாரி ஓயாமல் போகும், வாசலில் உட்கார்ந்து எண்ணியிருக்கிறான். சரி, வேறு மாடலாக இருக்கும் என்றேன். அடுத்த வாரம், 'அதுல ஒரு சக்கரம் தரையைத் தொடவே இல்ல' என்றான். நான் நம்பவில்லை. டீக்கடைக்குக் கூட்டிப்போனான், அங்கே நின்ற லாரியில் குனிந்து பார்த்தால், ஆமாம், நடுவில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்குகிறது. டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர் அண்ணனிடம் அவனே போய்க் கேட்டான். 'காலி வண்டிப்பா, தூக்கி விட்டுட்டா டயர் தேயாது. லோடு ஏத்தினா கீழ இறக்கிடுவோம்' என்றார் அவர், லிவரைக்கூடக் காட்டினார்.

நூலகப் புத்தகத்தில் எழுதக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதனால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அந்தப் பக்கத்தில் செருகி வைத்திருக்கிறான், தப்பும் தவறுமான எழுத்தில்: 'சில லாரிக்கு 12. ஒன்னு தூக்கி இருக்கும். டிரைவர் மாமா சொன்னார், நானும் பாத்தேன்.'